சும்மா கொடுப்பவன் யார்?

"சும்மா குடுக்குறவன் யாரு? அத மொதல்ல சொல்லு."

ஜாலான் பெண்டஹாரா தெருவில் இருந்த தம் துணிக்கடையில் நின்றபடி நானா இதைக் கேட்டார். தமிழ் முஸ்லிம் பெரியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் நீட்டிய குறுந்தகட்டை இரண்டு விரல்களால் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். சாயம் நிற்குமா, போகுமா என்று புதுச் சரக்கைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"உலகம் பூரா இருக்குறவங்க சேர்ந்து எழுதுனது நானா. ரேடியோவ இன்டர்நெட்டுல அனுப்புற சாஃப்ட்வேர். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், காசு இல்ல."

"அவுங்களுக்கு வேற வேல இல்லையா?"

"வேல இருக்கு. வேல முடிஞ்சு வந்து எழுதுறாங்க."

"பொண்டாட்டி புள்ள இல்லையா?"

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டார். நானா சிரிக்கவில்லை. குறுந்தகட்டைக் கல்லா மேசை மேல் வைத்து, அதை மெதுவாக என் பக்கமே தள்ளினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சும்மா கிடைத்ததை நம்பி ஒருமுறை அவர் மானத்தை வாங்கியவன் நான்தான்.

மலாய் நாடு சுதந்திரம் பெற்று ஐம்பதாண்டு நிறைந்த வருடம் அது. எனக்கு இருபது வயது. வீடு காஜா பெராங்கில். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தொடங்கி அது சூடாறுவதற்குள் அடுத்ததில் கைவைப்பவன் என்று அம்மா சொல்வார். சரிதான். அந்த வருடம் கைவைத்தது இணைய வானொலி.

குரல் அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். பதினொரு வருடம் செங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தியவர். அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோயில் திருவிழாவில் காணாமல்போன பிள்ளைகளையும் மாறிப்போன செருப்புகளையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் அவர்தான். பிள்ளை கிடைத்த பிறகும் அவர் பேச்சைக் கேட்க அம்மாக்கள் நின்றிருப்பார்கள்.

இடம் நானாவுடையது. கடையின் மாடியறை. ஹரி ராயா என்ற நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் சரக்கு வரும்போது மட்டும் நிரம்பும். மற்ற மாதங்களில் காலி. ஒலிபரப்பும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மைக்கில் காற்று இரையும். அக்கா பேசி முடிப்பதற்குள் எங்கள் இருவர் சட்டையும் நனைந்திருக்கும். அறை முழுக்கக் கஞ்சி போட்ட புதுத்துணி வாசம்.

நானா போட்ட நிபந்தனையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தது.

"சுதந்திர தினம் வரைக்கும் ரூம் உங்களுக்கு. அன்னைக்கு எத்தன பேரு கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியணும். பத்துப் பேரு போதும். ஆனா அந்தப் பத்து மெய்யான பத்தா இருக்கணும். இல்லாட்டி செப்டம்பர்ல சரக்கு மேல ஏறிரும்."

அந்த வருடம் ராயாவும் தீபாவளியும் ஒரு மாத இடைவெளியில் வந்தன. சரக்கு இரட்டிப்பு. அறை போனால் போனதுதான். அக்காவின் வீட்டில் மாமியார், மூன்று பிள்ளைகள், நாள் முழுக்க ஓடும் ஒரு தொலைக்காட்சி. அங்கே மைக் வைக்க முடியாது. ஆயர் குரோவில் வேறொரு தொழிற்சாலை ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. "ரூம் போச்சுன்னா நானும் அங்க போயிடுவேன்டா. மறுபடியும் வரிசையில நிக்கிறதுதான்" என்று அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெய்யான பத்து என்று நானா சொன்னதில் வியப்பில்லை. துணிக்கட்டில் எத்தனை மீட்டர் என்று ஆலைக்காரன் எழுதி ஒட்டியிருப்பான். நானா அதை ஒருநாளும் நம்பியதில்லை. கட்டு வந்ததும் பிரித்து, பித்தளை விளிம்பு வைத்த மேசையில் கடைசி மடிப்பு வரை அளப்பார். ஒரு மீட்டர் குறைந்தால் கட்டு திரும்பிப் போகும். ஒரு மீட்டர் கூடுதலாக இருந்தாலும் திரும்பிப் போகும். "கூட வச்சு அனுப்புறவன்கிட்ட இன்னும் சாக்கிரதையா இருக்கணும்" என்பார். கடைப்பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கைகளை விரித்து அளப்பதுபோல் காட்டிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் கடையின் மாடியில்தான் நான் முதல் மென்பொருளைப் போட்டேன். இலவசம் என்று ஒரு தளத்தில் எழுதியிருந்தது. கீழே பொடி எழுத்தில் இருபது முப்பது பத்திகள் இருந்தன. படிக்காமலே "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை அழுத்தினேன். என்னைப் போன்ற அவசரக்காரர்கள் எல்லாரும் அழுத்துவதுதான்.

வெள்ளிக்கிழமை காலை இஸ்லாமியப் பாடல்கள். கீழே நானா தம் வாடிக்கையாளர்களுக்குக் கேட்கட்டும் என்று கடைக் கணினியில் எங்கள் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார். மூன்றாவது பாட்டின் நடுவில், பாட்டு அப்படியே அமுங்கி, ஒரு பெண் குரல் கொஞ்சலான ஆங்கிலத்தில் எல்லாரையும் சீட்டாட அழைத்தது. முதல் ஆட்டம் சும்மாவாம்.

படிகளில் நானாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் எப்போதும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் மாடிக்கு வருவார்.

"என் கட மாடியில சூதாட்டமா?"

"நான் போடல நானா, சத்தியமா! அது தானா வருது."

"தானா எப்படி வரும்? உள்ள யாரோ வச்சிருக்கான். நீ வச்சியா, அவன் வச்சானா?"

அவன்தான் வைத்திருந்தான். சும்மா கொடுத்ததற்குக் கூலியாக, எப்போது வேண்டுமானாலும் எங்கள் பாட்டை அமுக்கித் தன் விளம்பரத்தைப் போடலாம் என்று அந்தப் பொடி எழுத்தில் இருந்தது. பிறகு படித்துப் பார்த்தேன். மென்பொருளின் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கவும் வழியில்லை. அது பூட்டிய பெட்டி. அன்றே அழித்தேன். ஆனால் 'இலவசம்' என்ற சொல் அந்தக் கடையில் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. கடைப்பையன்கள்கூட என்னைப் பார்த்தால் "தம்பி, மொத ஆட்டம் சும்மாவா?" என்று கண்ணடித்தார்கள்.

அடுத்ததாக விற்பனைக்காரர் வந்தார். ஆயர் குரோவில் அலுவலகம், கழுத்துப்பட்டை, நம் ஆள்தான். நானாவை முதலாளி என்ற பொருளில் "தவுக்கே" என்றார், அக்காவை "மேடம்" என்றார், என்னைப் "ப்ரோ" என்றார். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். இரண்டு வாரம் பழகிப் பார்க்கலாம். எங்கள் ஒலி அவருடைய நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து கேட்பவர்களுக்குப் போகும். எங்கள் திரையில் ஒரு சன்னல் திறந்திருக்கும். அதில் பச்சை நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண். கேட்போர் எண்ணிக்கை.

முதல் நாள் அது முப்பத்தொன்று. நான்காம் நாள் எண்பத்தெட்டு. எட்டாம் நாள் நூற்று நாற்பத்து மூன்று.

நானாவே படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் செருப்பைக் கழற்றியிருந்தார்.

அக்கா மாறிப்போனார். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். பூ வைத்திருந்தார்.

"அக்கா, ரேடியோவுல யாரு பாக்கப் போறா?"

"நூத்து நாப்பத்து மூணு பேரு முன்னாடி பழைய பாஜூ சட்டையில நிக்கச் சொல்றியா? போடா!"

பேசும்போது கைகளை ஆட்டினார். வேடிக்கை சொல்லிவிட்டு, ஒரு கூட்டம் சிரித்து ஓயட்டும் என்பதுபோல ஒரு நொடி நிறுத்தினார். அந்த ஒரு நொடியில் நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிடுவேன். ஏனென்றால் அந்த எண்ணை நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. மழை கொட்டும் செவ்வாய்க்கிழமை மத்தியானம். எங்களுக்கு விளம்பரம் என்று பார்த்தால் கோயிலில் ஒட்டிய ஒரு தாள், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் ஒரு தாள், நானாவின் கல்லாவில் ஒரு தாள். மூன்று தாளுக்கு நூற்று நாற்பத்து மூன்று பேரா? பொறாமையாக இருக்குமோ என்றும் யோசித்தேன். விற்பனைக்காரர் வந்த நாளிலிருந்து என்னை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. அதுவும் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

அக்கா தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தபோது ஒலிபரப்பை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். இப்போது எங்களிடமிருந்து ஒரு முனகல்கூட வெளியே போகவில்லை. கேட்க ஒன்றுமில்லை. பச்சை எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

நூற்று நாற்பத்து மூன்று. நூற்று நாற்பத்து நான்கு. நூற்று நாற்பத்தாறு.

கீழே ஓடிப்போய் நானாவைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாக அழைத்து வந்தேன். மறுபடி செய்து காட்டச் சொன்னார். செய்தேன். எண் ஏறியது. பின்னாலேயே அக்கா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அப்ப நான் யாருக்குடா பேசிக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

அக்கா தலையிலிருந்த பூவைச் சரி செய்துகொண்டார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று செய்வது போல.

விற்பனைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். "அது டோட்டல், ப்ரோ. இதுவரைக்கும் வந்தவங்க, திரும்பத் திரும்ப வந்து தட்டுறவங்க, எல்லாம் சேர்த்து சிஸ்டமே கணக்குப் போட்டுக்கும்" என்றார். எப்படிப் போடுகிறது, காட்ட முடியுமா என்றேன். "உள்ள எப்படின்னு எனக்கே தெரியாது லா. நான் விக்கிற ஆளு." அவர் பொய் சொன்னாரா, அவருக்கும் பொய் சொல்லித்தான் விற்றார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெட்டி பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"கட்டு திரும்பிப் போகட்டும்" என்றார் நானா.

அதற்கு மறுநாள்தான் நான் அந்தக் குறுந்தகட்டோடு போய் நின்றேன். சும்மா கொடுப்பவன் யார் என்று அவர் கேட்டதும் அப்போதுதான்.

பெயர் சொல்ல எனக்கு ஒருவர்கூட இல்லை. அதனால் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். "யாருன்னு தெரியாது நானா. ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரியும். மொத்தத்தையும் எழுத்தா எழுதியே குடுத்திருக்காங்க. பிரிச்சுப் பாக்கலாம், கடைசி மடிப்பு வரைக்கும்."

மடிப்பு என்றதும் அவர் கண் கொஞ்சம் சிறுத்தது. "எண்ணுற இடம் எழுதியிருக்கா?"

"இருக்கு."

"கொண்டா, பாப்போம்."

அன்று இரவு மூலநிரலைப் புரட்டி, கேட்பவர்களை எண்ணும் பகுதியைத் தேடி, நான்கு பக்கங்களை அச்செடுத்தேன். மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நானா மாடிக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிலப் பத்திரம் படிப்பவர் போலத் தாளை எட்ட வைத்துக்கொண்டார்.

"இந்த வரி பாருங்க. ஒருத்தர் வந்து கேக்க ஆரம்பிச்சா ஒண்ணு கூடும். இந்த வரி, அவரு போயிட்டா ஒண்ணு குறையும். அவ்ளோதான். தட்டிட்டுப் போனவனையெல்லாம் சேர்க்காது."

விரலை வரியின் மேலேயே வைத்திருந்தார். "இத யாரு வேணும்னாலும் மாத்தலாமா?"

"தாராளமா! அதானே இதுல விசேஷமே" என்றேன் பெருமையாக.

"அப்ப நீயும் மாத்தலாம்."

பூட்டிய பெட்டியில் யாரோ முகம் தெரியாதவனைச் சந்தேகப்படலாம். திறந்த பெட்டியில் பக்கத்தில் நிற்பவனைத்தான் சந்தேகப்பட முடியும். இதை எந்த இணையதளமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"போடு. பாக்குறேன்" என்றார் நானா.

போட்டேன். பழைய கணினி ஒன்றில் ஓடவிட்டேன். எங்கள் இணைய இணைப்பு ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் தாங்காது. அதற்கு அவசியமே வரவில்லை. முதல் நாள் ஆறு பேர். மறுநாள் நான்கு. அதற்கடுத்த நாள் ஐந்து. கறுப்புத் திரையில் சின்ன வெள்ளை எழுத்தில் அந்த எண் இருந்தது. பச்சை நிறம்கூட இல்லை.

அக்கா பழைய பாஜூவுக்குத் திரும்பினார். வேடிக்கைக்குப் பின் அந்த ஒரு நொடி நிறுத்தம் போய்விட்டது. "ஒன்னோட சாமான் வந்த ஆளையெல்லாம் விரட்டுதுடா" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்த வாரம் ஆயர் குரோவுக்குப் போய் விண்ணப்பத் தாளை வாங்கி வந்துவிட்டார். எழுதவில்லை; நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

புதிய மென்பொருள் இன்னொன்றும் காட்டியது. கேட்கும் ஒவ்வொரு கணினியின் இணைய முகவரி, அது எத்தனை நேரமாகக் கேட்கிறது என்ற பட்டியல். அதில் ஒரு முகவரி என்னை உறுத்தியது. நாங்கள் காலையில் தொடங்கியதும் அது வந்துவிடும். இரவு நிறுத்தும் வரை போகாது. பாட்டுக்கும் போகாது, பேச்சுக்கும் போகாது, அக்கா தும்மினாலும் போகாது. நாள்தோறும், முழு நாளும். மனிதர் யாரும் இப்படிக் கேட்பார்களா?

விற்பனைக்காரர் வேவு பார்க்கிறார் என்பது என் கணிப்பு. அக்காவின் கணிப்பு அதைவிட மோசம். "டேய், போலீசா இருக்கும்டா. பெர்மிட் இல்லாம பேசுறோம்னு எழுதிக்கிட்டே இருப்பாங்க." அன்று முழுக்க அவர், வழக்கமாகத் திட்டும் பெட்ரோல் விலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அப்படி மறைத்ததும் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

சுதந்திர தினம் வந்தது. கடை விடுமுறை. ஜாலான் பெண்டஹாராவின் தூண்களிலெல்லாம் கொடி. எங்கோ ஊர்வலத்தின் முரசுச் சத்தம் மிதந்து வந்தது. "அந்த முதல் சுதந்திரக் காலையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்பதுதான் எங்கள் நேரலை நிகழ்ச்சி. இரண்டு வாரமாகக் கோயிலிலும் பள்ளிவாசல் வாசலிலும் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைத்திருந்தோம். ரப்பர் தோட்டத்தில் அன்றும் மரம் சீவப் போனவர், புதுச் சட்டைக்காக அழுதவர், தூங்கிப்போய்க் கொடியேற்றத்தைத் தவறவிட்டவர். அக்கா ஒவ்வொருவரையும் அவர்கள் குரல் போலவே படித்தார்.

நானா ஒரு முழ வெள்ளைத் துணியும் ஒரு பெட்டி குண்டூசியும் கொண்டு வந்திருந்தார். தம் கைப்பேசியை மேசை மேல் வைத்தார்.

"கேக்குறவங்கள எனக்கு மிஸ்கால் குடுக்கச் சொல்லும்மா. ஒரு கால், ஒரு ஊசி. அதே நம்பர் ரெண்டு வாட்டி வந்தா ரெண்டாவது செல்லாது. முடிவுல ஊசியும் தம்பியோட திரையும் ஒண்ணா இருக்கணும்."

திரையில் அப்போது பதினான்கு. எங்கள் வானொலியில் நான் கண்ட மிகப் பெரிய மெய்யான எண்.

அக்கா மைக்கில் நானாவின் கைப்பேசி எண்ணைச் சொன்னார். "மணி அடிச்சதும் வச்சிருங்க. ஒங்க காசு போகாது. நீங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியணும், அவ்ளோதான்."

கைப்பேசி அதிர்ந்தது. ஒரு ஊசி. மறுபடி. இன்னொன்று. மூன்று வரிசையாக வந்தன. ஒருவர் இரண்டாம் முறை அடித்தார். நானா எண்ணைப் பார்த்துவிட்டு ஊசியைப் பெட்டியிலேயே போட்டார். பத்தாவது ஊசியைக் குத்தியபோது அக்கா என்னைப் பார்த்தார். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

பிறகு ஒன்றுமில்லை. அக்கா மறுபடி கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். கைப்பேசி மேசையில் செத்ததுபோல் கிடந்தது. அக்கா ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மைக்கை அணைத்தார்.

"ஒண்ணு இடிக்குது" என்றார் நானா.

"பத்துக்கு மேல வந்துருச்சே நானா! பதிமூணு வந்துருச்சே!"

"பதிமூணு இருந்தா பதிமூணுன்னு சொல்லணும். பதினாலுன்னு சொல்ற சாமான நான் எப்படி நம்புறது? இன்னைக்கு ஒண்ணு கூடச் சொல்லும், நாளைக்கு நூத்து நாப்பத்து மூணு சொல்லும்." பட்டியலை எட்டிப் பார்த்தார். "யாரு அது, காலையிலேருந்து அப்படியே குந்தியிருக்கிறது?"

நான் தயங்கினேன். தயங்கியிருக்கக் கூடாது. "அது... தெனமும் இருக்கு நானா. எங்களுக்கும் யாருன்னு தெரியாது."

"தெனமும் இருக்கா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே." கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ஒங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா?"

அவர் எங்கே வருகிறார் என்று புரிந்ததும் என் காது சூடாகிவிட்டது. வீட்டுக் கணினியில் எங்கள் வானொலியை ஓடவிட்டு நானே ஓர் ஆளைக் கூட்டிக் காட்டுகிறேனாம். அக்கா "சேச்சே, அவன் அப்படியெல்லாம்" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவரும் ஒரு கணம் யோசித்தார் என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அங்கேயே அம்மாவுக்கு அழைத்து, நானாவும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினேன். "அம்மா, என் கம்ப்யூட்டர் ஓடுதா?"

"அது ப்ளக்க புடுங்கிட்டுத்தான்டா அயர்ன் பண்ணிக்கிட்டு இருக்கேன். ஏன், வீட்டுக்கு எப்ப வர்ற?"

"பாத்தீங்களா நானா?"

"ஒன் அம்மா ஒனக்குத்தான் சொல்லுவாங்க" என்றார் அவர்.

பாட்டு முடிய அரை நிமிடம்தான் இருந்தது. நானா துணியைச் சுருட்டத் தொடங்கினார், ஊசிகளோடேயே. அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பாட்டு முடிந்தது. ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். அக்கா மைக்கைப் போட்டார்.

தமிழ் வரவில்லை அவருக்கு. பதினொரு வருடம் தொழிற்சாலையில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் வரிசையில் நின்று சொன்ன அந்த மலாய் வாழ்த்துதான் வாயில் வந்தது. "செலாமாட் ஹரி மெர்டேக்கா" என்றார். பிறகு, ஆரம்பித்ததை எப்படி முடிப்பது என்று தெரியாதவர் போல, மிஸ்டு கால் கேட்டதையும் மலாயிலேயே சொல்லி முடித்தார்.

கைப்பேசி அதிர்ந்தது.

பாதி சுருட்டிய துணியைப் பிடித்தபடி நானா அதையே பார்த்தார். அது நிற்கவில்லை. மணி அடித்ததும் வைக்க வேண்டும் என்ற வழக்கம் அந்த ஆளுக்குத் தெரியவில்லை. நானா எடுத்து, சந்தேகத்தோடு, "சியாப்பா இனி?" என்றார். யார் பேசுவது என்று.

வயதான ஆண் குரல். மலாய்தான், ஆனால் எங்கள் மலாய் இல்லை. காஜா பெராங் செட்டிகளின் வீட்டு மலாய். ஒரு சொல்லைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் அவர்கள் கம்போங், அதாவது குடியிருப்பு. பல தலைமுறைக்கு முன் வந்து, மலாயையே தாய்மொழியாக்கிக்கொண்ட தமிழ் வம்சத்தார். பெயரில் தமிழ் இருக்கும், கோயிலில் தமிழ் இருக்கும், பேச்சில் இருக்காது. நான் பிறந்ததிலிருந்து அந்த வீடுகளைக் கடந்துதான் பள்ளிக்குப் போனேன்.

"ஹரி-ஹரி சாயா டெங்கார்" என்றார் கிழவர். தினமும் கேட்கிறாராம். பேத்தி கணினியில் வைத்துக் கொடுத்துவிட்டு, எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுக் கோலாலம்பூருக்குப் படிக்கப் போய்விட்டாளாம். அதனால் தொடவில்லை. காலையில் திரையைப் போட்டால் நாங்கள் இருப்போம். இரவில் நாங்கள் போன பிறகு அவரும் தூங்கப் போவார்.

"தமிழ் புரியுமா?" என்று நானா கேட்டார்.

புரியாதாம். பாட்டில் சாமி பெயர்கள் புரியுமாம். இவ்வளவு நேரம் இந்தப் பெண் எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று தெரிந்ததாம்; என்னவென்று தெரியவில்லையாம். பிறகு ஒன்று சொன்னார். அதை நானா எங்களிடம் திருப்பிச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சிரிக்கிறது நல்லா இருக்காம். கொஞ்ச நாளா ஏன் சிரிக்கிறதில்லன்னு கேக்குறாரு."

மைக் திறந்தே இருந்தது. பதின்மூன்று வீடுகளும் அந்தக் கிழவரும் அடுத்து வந்ததைக் கேட்டிருப்பார்கள். அக்கா சிரித்தார், ஆனால் பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

நானா துணியைப் பிரித்து விரித்தார். ஊசிகளை முதலிலிருந்து ஒருமுறை எண்ணினார். பதினான்காவதைக் குத்தினார். குனிந்து திரையைப் பார்த்தார். பதினான்கு. மறுபடி ஊசியைப் பார்த்தார்.

"சரக்கு எங்க வீட்டு முன்னாடி ரூமுக்குப் போகட்டும். எம் பொண்டாட்டி திட்டுவா. திட்டட்டும்."

அக்கா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்து எட்டாக மடித்தார். பிறகு அதை மேசையின் ஆடும் காலுக்கு அடியில் செருகினார். முதல் நாளிலிருந்து ஆடிக்கொண்டிருந்த மேசை அது.

நானா படியிறங்கப் போனவர் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து, வேண்டாம் நானா என்று சொல்லத் தயாராக நின்றேன்.

"தம்பி, ஒங்க வீட்டுல அந்தக் கம்ப்யூட்டர் நெசமாவே ஆஃப்தானே?"